நாவலில் பேசாதவர்கள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொன்னபோது என் அண்ணன் சிரித்துவிட்டான். சேலம், நாமக்கல் பக்கத்து வட்டார நாவல்களில் தேசிய அடையாளம் எப்படி வெளிப்படுகிறது என்பதுதான் தலைப்பு. அவன் அப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் போகும். வடக்கே மழை பிடித்து, காட்டுக்குள் வண்டி இறங்க முடியாத மாதங்களில் மட்டும் ஆட்கள் ஊர் திரும்புவார்கள்.

"ஏம் புள்ள, கதப் பொஸ்தகத்துல போயித் தேசத்தத் தேடறதுக்கு ஒரு படிப்பா? எங்கூட ஒரு சீசன் வண்டியில வா. நாக்பூரு, ராய்ப்பூரு எல்லாத்தையும் காட்டறேன்" என்றான்.

"நீ பாக்கறது ரோடும் பாறையுந்தானே?"

"அதுஞ் செரிதான்" என்று ஒத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். என் ஆராய்ச்சியைப் பற்றி எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அவ்வளவுதான். அவனுக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கும் அவன் வேலையில் பெரிய அக்கறை இருந்ததில்லை. அவன் வந்தால் வீட்டில் கறி எடுப்பார்கள், அப்பா கொஞ்சம் அதிகம் பேசுவார், அம்மா அவன் சட்டையில் ஒட்டியிருக்கும் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். வண்டி கிளம்புகிறது என்று தகவல் வந்ததும் போய்விடுவான்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் பரமத்திவேலூருக்கும் நடுவில் இருக்கிறது. நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் போடுகிற மேட்டுக்காடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழ் படித்தேன். நாவல்களில் எங்கள் வீட்டுப் பேச்சு அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட கிளர்ச்சியில்தான் ஆராய்ச்சிக்கே போனேன். 'ஊடு' என்றும் 'வாரேன்' என்றும் ஒருவர் எழுத, இன்னொருவர் அதை அச்சடிக்க, முன்பின் தெரியாத யாரோ அதைப் படிக்கிறார்கள் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

நெறியாளர் கண்டிப்பானவர். "மொழி அழகா இருக்குன்னு எழுதினா அது ரசிகர் கடிதம். ஆய்வுன்னா ஒரு கேள்வி வேணும்மா. இந்த நாவல்கள்ல தேசம் எங்க இருக்கு? தேடிக் கொண்டு வாங்க" என்று அனுப்பினார். நான் தேடினேன். காக்கிச் சட்டையாக, நில அளவைச் சங்கிலியாக, ரேஷன் கடை வரிசையாக, தொலைவில் கேட்கும் ரயில் சத்தமாக, பட்டாளத்திலிருந்து வரும் தந்தியாக அது இருந்தது. தேசம் வெளியிலிருந்து ஊருக்குள் வருகிறது, ஊர் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது என்று எழுதினேன். ஆய்வேட்டின் கடைசியில் வட்டாரச் சொற்களுக்கு ஒரு பட்டியலும் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். அடுத்த வருஷமே வேலை கிடைத்தது. முதலில் ஆத்தூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி. அங்கே பிள்ளைகள் என் 'ங்க'வைக் கேட்டு வாய்க்குள் சிரித்தார்கள். பிறகு சேலத்துக்கு மாற்றல் வந்தது. கல்யாணப் பேச்சை ஆராய்ச்சி முடியட்டும், வேலை நிலைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி, ஒருகட்டத்தில் யாரும் கேட்பதில்லை என்று ஆனது. சேலத்தில் தனியாக வீடு எடுத்து இருந்தேன்.

அண்ணன் சத்தீஸ்கரில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்ற செய்தியை அவனே போனில் சொன்னான். முதலில் என்னிடம்தான் சொன்னான். கிணறு போடப் போன ஊரில் வண்டி பழுதாகி நாள்கணக்கில் நின்றிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் சோறு போட்டிருக்கிறார்கள். அப்படி ஏற்பட்ட பழக்கம்.

"அப்பாகிட்ட நீ சொல்றயா?" என்று கேட்டான்.

சொன்னேன். அப்பா காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சாதின்னு கேட்டயா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "பேச்சாச்சும் புரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மழைக்கு அண்ணன் அவளை அழைத்துக்கொண்டு வந்தான். நான் கல்லூரியில் இருந்தேன். நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா வாசலில் நின்று, "நீ உள்ள வா. அந்தப் பொம்பள இந்த ஊட்டுப் படியேறக் கூடாது" என்றாராம். அண்ணன் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டானாம். அம்மா பின்னாலேயே பஸ் நிற்கும் இடம் வரை ஓடி, அந்தப் பெண்ணின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதன் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது போன் செய்வான். பெண் குழந்தை பிறந்ததைச் சொன்னான். குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று இன்னொரு முறை சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் என் ஆய்வேடு புத்தகமாகப் போகிற ஏற்பாடு நடந்தது. சேலத்துப் பதிப்பாளர் ஒருவர் அச்சுக் கோத்து, பிழை திருத்தக் கொடுத்திருந்தார். அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டிருந்த ஒரு கோடை முற்பகலில் ரிக் உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. இரும்புக் குழாய்களைக் கழற்றி மேலே எடுக்கும்போது ஒன்று நழுவி அண்ணன்மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்தில் ஏறினேன், அதுவும் அந்தக் காரியத்துக்கு. இந்தி தெரிந்த மேனேஜர் ஒருவரை உரிமையாளர் என்கூட அனுப்பினார். ராய்ப்பூரில் இறங்கி, அங்கிருந்து காரில் மதியம் முழுக்கப் போய் மாவட்ட ஆஸ்பத்திரியை அடைந்தோம். பிணவறைக்கு வெளியே புங்க மரத்தடியில் முப்பது நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரென்று முதலில் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் அந்தக் கிராமத்துக்காரர்கள். அண்ணனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் மெலிந்த பெண் ஒருத்தி, மடியில் மூன்று வயதுக் குழந்தையோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என் முகச்சாயலில் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

அப்பா போனில் அழுதார். "கொண்டாந்துரு அம்மிணி. எப்பிடியாச்சும் நம்ம ஊருக்குக் கொண்டாந்துரு. நம்ம காட்டுலயே கெடக்கட்டும்."

வண்டி ஏற்பாடு செய்யலாம், ஆனால் இந்த வெயிலில் இரண்டு நாள் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மேனேஜர் போய் அந்தப் பெண்ணிடமும் அவள் தகப்பனாரிடமும் பேசினார். அவள் அதிகம் பேசவில்லை. தலையைக் குனிந்தபடியே ஏதோ சொன்னாள். மேனேஜர் என்னிடம் வந்து சற்றுத் தயங்கினார்.

"சொல்லுங்க" என்றேன்.

"பாப்பா பெருசாகி எங்கப்பா எங்கன்னு கேட்டா, நம்மள வாசலோட திருப்பி அனுப்புன ஊரக் காட்டச் சொல்றீங்ளான்னு கேக்கறாங்க மேடம்."

ஒரு மனிதன் எந்த மண்ணைச் சேர்ந்தவன் என்பதைப் பற்றி நான் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருந்தேன். அந்த மரத்தடியில் அதைத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் நின்றபோது, எழுதியதில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. அண்ணன் என்ன விரும்பியிருப்பான் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. குழந்தை என் சேலை முந்தானையைப் பிடித்து, அதிலிருந்த பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தது. இங்கேயே செய்துவிடலாம் என்று சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் ஊர்க் குளத்தங்கரையில் தகனம் நடந்தது. ரிக் வண்டியில் வேலை செய்த எங்கள் பக்கத்துப் பையன்களும் அந்த ஊர் ஆண்களும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். அஸ்தியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கை அவர்கள் மகாநதிக்கு எடுத்துப்போனார்கள். மறு பங்கை நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். பரமத்திவேலூர்க் காவிரிக் கரையில் அப்பா வந்து நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து கலயத்தை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்துவிட்டு, ஈர வேட்டியோடு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசவே இல்லை. எது சொல்வதானாலும் அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வாள். மூவரும் ஒரே அறையில் இருக்கும்போதுகூட அப்படித்தான்.

சேலத்துக்குத் திரும்பி, அச்சுத் தாள்களை மறுபடி எடுத்தேன். 'தேசம் வெளியிலிருந்து ஊருக்குள் வருகிறது' என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. அது தவறு என்று அப்போது எனக்கு நிரூபிக்கத் தெரியாது. படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பதிப்பாளரிடம் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெறியாளர் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார்.

"வீட்டுல ஒரு துக்கம் நடந்துட்டா ஆய்வு பொய்யாயிடாதும்மா. ரெண்டையும் சேத்துக் குழப்பிக்காதீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தத் தாள்களைக் கட்டி அலமாரிக்குமேல் போட்டேன். பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன், துறைக் கூட்டங்களுக்குப் போனேன். எழுதவில்லை. மேனேஜர் கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் எண்ணுக்கு ஆரம்பத்தில் சிலமுறை கூப்பிட்டேன். அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை என்றே நினைத்திருந்தேன். அவள் தகப்பனார்தான் எடுத்து ஏதோ சொல்வார், நான் 'அச்சா அச்சா' என்பேன். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஆகிவிட்டது.

குழந்தைக்கு எட்டு வயது இருக்கும்போது அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கல்லூரியில் மதிய வகுப்பு முடிந்து துறைக்கு வந்துகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் எதிரே வந்து, "மேடம், வடநாட்டு அம்மா ஒருத்தங்க உங்களப் பாக்கணும்னு நிக்கறாங்க" என்றார். தாழ்வாரத் தூணை ஒட்டி நின்றிருந்தாள். முன்பு பார்த்ததைவிடக் கறுத்திருந்தாள். பக்கத்தில் சிறுமி. என்ன மொழியில் தொடங்குவது என்று நான் தடுமாறுவதற்குள் அவளே பேசினாள்.

"நல்லா இருக்கறீங்ளா அம்மிணி? இப்ப என்னன்னாங்க, நாங்க இங்க வந்து ஒரு மாசமாச்சுங்க. நாமக்கல்லுக்கு இக்கட்டால, சேலத்துப் பக்கமா ஒரு கோழிப்பண்ணையில வேலை. இன்னைக்குத்தான் லீவு குடுத்தாங்க."

அவளுக்குத் தமிழ் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை; அன்று மரத்தடியில் மேனேஜரிடம் இந்தியில்தான் பேசினாள். அது அண்ணனின் பேச்சு. எதையும் 'இப்ப என்னன்னா' என்றுதான் அவன் தொடங்குவான். 'இங்க' என்பதில் ஒரு சின்ன இழுப்பு, கடைசியில் குரலைத் தாழ்த்துவது, எல்லாம் அவனுடையவை. அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அவன் ஒருவனிடமிருந்து வந்தது. ஆண்கள் வண்டியடியில் பேசிக்கொள்ளும் தமிழை அவள் அதன் முரட்டுத்தனத்தோடு, பெண் குரலில், கவனமாகப் பேசினாள். நாவல்களில் பேச்சுவழக்கை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பது என் தொழில். அன்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தாழ்வாரத்தில் மாணவர்கள் போய்வருவதைக்கூடக் கவனிக்காமல் அழுதேன்.

"அழுகாதீங்க அம்மிணி. பசங்க பாக்கறாங்க" என்றாள்.

"வாங்க நங்கையா, உள்ள வாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆய்வேட்டின் சொற்பட்டியலில் பொருள் போட்டு எழுதியிருக்கிறேனே தவிர, யாரையும் பார்த்து அதுவரை சொன்னதில்லை.

ஊரில் மழை பொய்த்துவிட்டது, வேலை இல்லை, அவள் ஊர்க்காரர்கள் சிலர் பண்ணை வேலைக்குக் கிளம்பியபோது இவளும் சேர்ந்துகொண்டாள். வேறு ஊர்களுக்கும் ஆள் எடுத்தார்கள், இவள்தான் நாமக்கல் என்று கேட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன். மகளைக் காட்டினாள். "இவ அவங்கப்பன் பேச்ச மறந்துக்கிட்டே வாரா. நான் ஒருத்தி பேசி எத்தன நாளைக்குங்க?" என்றாள்.

சேலத்தில் என்னோடு இருக்கச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வேலைக்குத்தானுங்க வந்தேன். ஒரம்பரையா விருந்துக்கு வரலீங்க." பண்ணையில் தகரக் கூரை போட்ட வரிசை அறைகளில் ஒன்றில் தங்கினார்கள். குழந்தையை அருகிலிருந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். விஷயம் அம்மாவுக்குத் தெரிந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பஸ் மாறிப் பண்ணைக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் தடுக்கவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. ஊட்டுக்கு வா என்று அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டும் நங்கையா போகவில்லை. "மாமா கூப்புடட்டுங்க, வாரேன்" என்பாள். அதில் கோபம் இருக்காது. நிபந்தனை போலவும் இருக்காது. வேறு வழியில் அந்த வீட்டுக்குள் போக முடியாது என்பதுபோல் சொல்வாள்.

அப்பா கூப்பிடவில்லை. ஆனால் கடலை பிடுங்கிய ஒரு நாள், மொபெட்டில் ஒரு மூட்டைப் பச்சைக் கடலையை வைத்துக்கொண்டு பண்ணை கேட்டுக்கு வந்து நின்றாராம். காவலாளி யாரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். "எம் பேத்திய" என்றிருக்கிறார் அப்பா. குழந்தை ஓடி வந்தது. "நீங்கதான் அப்பாருங்களா?" என்று கேட்டதாம். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவரை அப்பாரு என்போம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நங்கையா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், பேத்தியிடம் பேசினார், மருமகள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், போனார். இது வருஷக்கணக்கில் நடந்தது.

இந்தக் காலத்தில்தான் நாமக்கல்லில் ஒரு நாவல் வெளியீட்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர், நல்ல மொழி கைவந்தவர். பண்ணைகளையும் விசைத்தறிக் கூடங்களையும் பற்றிய நாவல். வடக்கிலிருந்து வரும் ஆட்கள் பெருகி ஊர் தன் முகத்தை இழப்பதுதான் கதை. அதில் ஒரு பீகார்க்காரன் வருகிறான். வேலைக்குச் சேர்கிறான், திருடுகிறான், பிடிபடுகிறான். பள்ளி விடுமுறை என்பதால் அண்ணன் மகள் அன்று என்னுடன் இருந்தாள். முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் பேசியவர், "நம்ம பேச்சே கெட்டுப்போச்சுங்க. கடைக்குப் போனா இந்தி, பஸ்ஸுல ஏறுனா இந்தி. நாளைக்கு வட்டார நாவலுன்னு எதைங்க எழுதுவோம்?" என்றார். நல்ல கைதட்டல். அவர் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தன் பேச்சு தன் ஊரிலேயே சிறுத்துப்போகுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு.

என் முறை வந்தது. தயாரித்துக்கொண்டு போனதைப் பேசத் தொடங்கினேன். நாவலின் மழை வருணனையை, சந்தைப் பேச்சை எல்லாம் பாராட்டினேன். அந்த பீகார்க்காரன் வரும் பகுதியை எடுத்துக்காட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மேடையில் நின்றபடியே முன்னும் பின்னும் புரட்டினேன். கூட்டம் காத்திருந்தது.

"இந்த ஆள் நாவல் நெடுக வர்றார்" என்றேன். "ஆனா ஓர் இடத்துலகூட வாயைத் திறந்து பேசலை. சிரிக்கறார், முறைக்கறார், ஓடறார். அவர் பேசினதா ஒரு சொல்கூட இல்லை. பேச்சுக்காகவே நாம கொண்டாடற நாவல்ல, ஒரு மனுஷனுக்கு மட்டும் பேச்சு இல்லை. இதை ஆசிரியர் யோசிக்கணும்னு கேட்டுக்கறேன்."

கைதட்டல் இல்லை. ஏற்புரையில் ஆசிரியர் என்னைப் பார்க்காமலே, "சொந்த மண்ணை விட்டுக் குடுக்கறதுக்குப் பேரு இப்ப விமர்சனம்" என்றார். அதற்குப் பலத்த கைதட்டல்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் மகள் கேட்டாள். "அத்தை, அந்தாளு கடைசில என்ன ஆனாரு?"

"போலீஸ் பிடிச்சுட்டுப் போயிரும்."

"பொறவு?"

"அதோட அவர் கதை முடிஞ்சிரும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் அலமாரிக்குமேல் போட்டிருந்த கட்டை இறக்கினேன். என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாவல்கள் அத்தனையையும் மறுபடி படித்தேன், இம்முறை ஒரே கேள்வியோடு. அளவைக்காரர், பட்டாளத்துக்காரர், ஊர் ஊராகப் போர்வை விற்க வரும் வடநாட்டு வியாபாரி, ரயிலில் பாடிப் பிச்சையெடுக்கும் கிழவர். இவர்கள் பேசுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. பேசினால் ஓர் அதட்டல், அல்லது சிரிப்பு மூட்டும் கொச்சைத் தமிழில் அரை வரி. இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஊர்களிலிருந்து லாரியிலும் ரிக்கிலும் வெளியே போகிறவர்களும் இந்த நாவல்களில் ஊர் எல்லையோடு காணாமல் போகிறார்கள். திரும்பி வரும்போது சால்வையோடும் இனிப்போடும் வருகிறார்கள். இடையில் எங்கே இருந்தார்கள், யாரிடம் என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கும் முன்பு தோன்றவில்லை. இதையெல்லாம் வைத்து ஒரு புதிய புத்தகம் எழுதினேன்; நாவலாசிரியர்களைக் குற்றம் சொல்ல அல்ல. அவரவர் காதில் விழுந்ததைத்தான் அவரவர் எழுத முடியும். ஆனால் தேசம் வெளியிலிருந்து வருகிறது என்ற என் பழைய வாதம், நாவல்கள் யாருடைய வாயை மூடிவைத்தன என்பதைப் பார்க்காத வாதம். புதிய புத்தகத்தில் அதைத்தான் சொன்னேன். நெறியாளர் முழுக்கப் படித்துவிட்டு, "இப்ப இது ஆய்வு" என்று மட்டும் சொன்னார்.

புத்தகத்துக்கு இங்கே பெரிய வரவேற்பு இல்லை. உள்ளூர்க் கூட்டங்களுக்கு அழைப்பு குறைந்துபோனது. தலைநகரில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அங்கே தலைமை வகித்தவர் நான் பேசி முடித்ததும், "உங்கள் வட்டார எழுத்தாளர்கள் தங்களை இந்தியர்கள் என்று உணர்கிறார்களா?" என்று கேட்டார். இங்கே மண்ணை விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார்கள், அங்கே நாட்டுக்கு விசுவாசம் உண்டா என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்று பதில் சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போன மாசியில் இறந்தார். தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. நான் சேலத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். சிறிது நேரத்தில் பண்ணை வேனில் நங்கையாவும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் உள்ளே ஓடினாள். நங்கையா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். யாரோ, "அந்தப் புள்ளையா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"உள்ள வா சாமி" என்றாள்.

"மாமா கூப்புடலீங்களே அத்தை."

அம்மா, "நாங் கூப்புடறேன். எனக்கு ஆளு வேணும், வா" என்று அவள் கையைப் பிடித்தாள். அவள் வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் சத்தமாக அழுதாள். தன் சொந்த மொழியில் அழுதாள். என்ன சொல்லி அழுதாள் என்று அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை. அவள் மகளுக்குப் புரிந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா அவளைக் கடைசிவரை கூப்பிடவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. என்னிடம் நேராகப் பேசாமலே போனார் என்பதைவிட அதுதான் உறுத்துகிறது.

கோடை விடுமுறையில் அம்மா ஓர் ஆசையைச் சொன்னாள். மகனை எரித்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஈரோட்டைத் தாண்டிப் போயிராதவள். ரயிலில் நால்வரும் போனோம். அம்மாவுக்கு ரயில் பிடித்திருந்தது. தண்ணீர் இல்லாத ஆறுகளைக் கண்டு மட்டும் கவலைப்பட்டாள். அண்ணன் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தமிழ் எடுப்பாளோ என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. கணக்கு எடுத்திருக்கிறாள். வழியெல்லாம் அவள் போனில்தான் மூழ்கியிருந்தாள்.

குளத்தங்கரையில் அடையாளம் என்று ஒன்றுமில்லை. ஏதோ ஒரு செடி, கொஞ்சம் கல். நங்கையா இடத்தைக் காட்டினாள். அம்மா உட்கார்ந்தாள், தரையைத் தொட்டுப் பார்த்தாள், எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "நல்ல எடமாத்தான் இருக்குது" என்றாள்.

பிற்பகல் முழுக்க அவர்கள் வீட்டில் இருந்தோம். நங்கையாவின் தாயார் அம்மாவின் வயதுக்காரர். பாயை விரித்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அம்மா, "இங்கெல்லாம் நெல்லு ஒரு போகந்தானுங்களா சம்பந்தி?" என்று கேட்டாள். அவர் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அம்மா ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு, எங்கள் காட்டுக் கிணறு வற்றியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அண்ணன் மகள் நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மொழிபெயர்த்துப் பார்த்தாள். இருவரும் இவளுக்காக நிறுத்தவே இல்லை. "சித்த சும்மா இரு கண்ணு, பேசிட்டிருக்கறமல்ல" என்றாள் அம்மா. அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தாய்மார்களும் வெயில் தாழும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.